கல்லூரி வகுப்பில் சமூக ஊடகங்களைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தலாமா?

சமூக ஊடகங்கள் கற்பித்தலுக்கு உதவுமா, அல்லது மாணவரின் கவனத்தைச் சிதறடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிளிநொச்சியில் விவசாய டிப்ளோமா மாணவருக்குக் கற்பிப்பவன் என்ற முறையில், உறுதியாக உதவும் என்பேன். ஆனால் ஆசிரியர் தமது குறிப்புகளை அனுப்பிவைக்கும் தபாற்பெட்டியாக அதைப் பயன்படுத்தினால் பெரும்பயன் இல்லை. மாணவர் வெளியில் காண்பதை வகுப்புக்குள் கொண்டுவருவதற்கே அது மிகவும் ஏற்றது.

எமது மாணவர் பலர் நெல் விதைக்கும் குடும்பங்களிலிருந்து வருபவர்கள். காலபோகத்தில், அதாவது மழைக்கால நெற்செய்கையின்போது, ஒரு மாணவி, முத்தையன்கட்டுப் பக்கமுள்ள தமது வயலில் பயிர் வட்டமாக மஞ்சளித்திருப்பதைப் படமெடுத்து வகுப்புக் குழுவில் இட்டார். யூரியா போதாது என்று சகமாணவர் சிலர் எழுதினர். நான் விடை சொல்லாமல், தூரை விரித்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயுள்ள அடித்தண்டைப் படமெடுத்து அனுப்புமாறு மட்டும் கேட்டேன். அடுத்த படத்தில் சாறுறிஞ்சும் பூச்சிகளான கபிலநிறத் தத்திகள், எங்கள் ஊர்களில் அறக்கொட்டி என்று சொல்லப்படுபவை, தண்டைச் சுற்றி மொய்த்திருந்தன. யூரியா தரும் தழைச்சத்து மிகுந்தால் அப்பூச்சி மேலும் பெருகும் என்பதையும், இலைநுனியில் தெளிக்கும் மருந்து அடித்தண்டைச் சென்றடையாமல், தத்தியைத் தின்னும் சிலந்திகளைக் கொன்றுவிடக்கூடும் என்பதையும் மறுநாள் விளக்கியபோது, எந்தப் பாடநூற் படத்துக்கும் கிடைக்காத கவனம் வகுப்பில் கிடைத்தது. அந்த வயலில் யூரியா போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வியை மாணவர்களே எழுப்பினர்.

இதற்கு நான் தெரிவுசெய்தது டெலிகிராம். வாட்ஸ்அப் குழுவில் ஒருவரது தொலைபேசி எண் மற்றெல்லோருக்கும் தெரிந்துவிடக்கூடும். மாணவியருக்கு அதனால் வரும் தொல்லைகளை நாம் அறிவோம். டெலிகிராமில் எண்ணை மறைத்துக்கொள்ளலாம். புதிதாகச் சேர்பவர் பழைய பதிவுகளைப் பார்க்கவும் வழிசெய்யலாம் என்பதால், சென்ற போகத்தின் படங்கள் அடுத்த அணியினருக்கும் பாடமாகின்றன. படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, இலைப்புள்ளியின் விளிம்பு மங்கிவிடும்; கோப்பாக அனுப்பினால் தெளிவு குறையாது. டேட்டா கூடுதலாகச் செலவாகும் என்பதால் இதை எல்லாப் படங்களுக்கும் நான் கேட்பதில்லை.

பரீட்சைத் திகதி, ஒப்படை, வரவு முதலியவற்றுக்கு மட்டும் இதை நம்பியிருக்கக் கூடாது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இலங்கையில் முகநூல், வாட்ஸ்அப் உட்படப் பல தளங்கள் அரசால் முடக்கப்பட்டதை நாம் கண்டிருக்கிறோம். அத்தகைய அறிவித்தல்கள் அறிவித்தற் பலகையிலும் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் இருக்க வேண்டும்.

புள்ளி வழங்குவதில் இன்னும் கண்டிப்பாக இருக்கிறேன். மாணவர் கையால் எழுதும் களக்குறிப்பேட்டுக்கே புள்ளி. குழுவில் யார் எத்தனை பதிவு இட்டார் என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே கைத்தொலைபேசியைத் தம்பி தங்கையரோடு பகிர்ந்துகொள்பவரும், கவரேஜ் கிடைப்பதற்காகக் குளக்கட்டுவரை நடக்க வேண்டியவரும் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள்.