முன்பின் பார்க்காத கோர்ஸில் டிஸ்க் கோல்ஃப் போட்டி: வன்னியில் இருந்தபடி எப்படித் தயாராவது?

கேள்வி இதுதான்: "கிளிநொச்சியில் இருக்கிறேன். ஆகஸ்டில் நோர்வேயில் உள்ள அண்ணாவிடம் போகிறேன். அவர் தன் கழகத்தின் டிஸ்க் கோல்ஃப் போட்டியில், தொடக்கப் பிரிவில் என்னையும் பதிந்துவிட்டார். போனமுறை வந்தபோது தந்த ஐந்து டிஸ்க் கையில் இருக்கிறது. கோர்ஸைப் பார்த்ததே இல்லை. போய் இறங்கி நாலாம் நாள் போட்டி. இங்கே கூடையும் இல்லை. ஆறு கிழமைக்குள் என்ன செய்யலாம்?"

நிறையச் செய்யலாம். டிஸ்க் கோல்ஃப் என்பது கோல்ஃப் மாதிரித்தான்: பந்துக்குப் பதில் தட்டையான டிஸ்க்கை எறிந்து, ஒவ்வொரு ஹோலின் முடிவிலும் நிற்கும் சங்கிலிக் கூடைக்குள் முடிந்தளவு குறைந்த எறியில் போடவேண்டும். தெரியாத கோர்ஸில் புதியவர்கள் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் கோர்ஸ் அல்ல. தங்கள் எறி எத்தனை மீற்றர் போகும், எந்தப் பக்கம் விழும் என்று அவர்களுக்கே தெரிவதில்லை. ரீயில், அதாவது ஹோலின் முதல் எறியை எறியும் இடத்தில், நிற்கும் பலகையில் "72 மீற்றர், இடப்பக்கம் ஓ.பி" (ஓ.பி என்றால் எல்லைக்கு வெளியே) என்று இருக்கும். உங்கள் டிஸ்க் 60 போகுமா 75 போகுமா என்று தெரியாவிட்டால் அந்தப் பலகையால் ஒரு பயனும் இல்லை. தெரிந்தால், வாழ்க்கையில் பார்க்காத ஹோலையும் பலகையைப் பார்த்தே விளையாடலாம். ஆகவே முதல் வேலை அளவெடுப்பது.

சிறுபோகம் விதைக்காத வயல் நல்லது. இல்லாவிட்டால் ஆள் இல்லாத நேரத்தில் பள்ளிக்கூட மைதானம். 100 மீற்றர் நைலோன் கயிற்றில் 10 மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, இரண்டு பக்கமும் கட்டை அடித்து இழுத்துக் கட்டுங்கள். அடி எண்ணி அளக்க வேண்டாம். களைத்தால் அடி குறுகும், கணக்குப் பிழைக்கும். ஒரு முனையில் நின்று ஒவ்வொரு டிஸ்க்காலும் பத்து எறி எறியுங்கள். டிஸ்க் கிடந்த இடம் எத்தனையாவது மீற்றர், கயிற்றுக்கு இடமா வலமா, எவ்வளவு விலகல் என்று கொப்பியில் எழுதுங்கள். தூரமாகப் போன இரண்டையும் கிட்ட விழுந்த இரண்டையும் வெட்டிவிட்டு மீதி ஆறின் சராசரியை எடுங்கள். அதுதான் உங்கள் தூரம். ஒருக்கா நன்றாகப் போன எறியைத் தன் தூரமாக எடுத்துக்கொள்வதால்தான் பலர் தண்ணீருக்குள்ளும் பற்றைக்குள்ளும் எறிகிறார்கள். கிழமைக்கு ஒருமுறை இதே அளவை எடுத்தால் போதும்.

புதியவருக்குப் பற்றர் (கூடைக்குக் கிட்ட எறியும் டிஸ்க்) 35–45 மீற்றரும், மிட்றேஞ்ச் (நடுத்தூர டிஸ்க்) 45–55 மீற்றரும், ஃபெயார்வே ட்ரைவர் (தூர எறிக்கான டிஸ்க்) 55–70 மீற்றரும் போனால் சாதாரணம். ட்ரைவர் மிட்றேஞ்சைத் தாண்டவே இல்லை என்றால் கையில் பலம் குறைவு என்று நினைக்காதீர்கள். அநேகமாக டிஸ்க்கின் முன்விளிம்பு மேலே தூக்கியபடி போகிறது. அப்படிப் போனால் அது ஏறி, ஒரு கணம் நின்று, இடப்பக்கம் சரிந்து விழும். பிடியில் பெருவிரலை மேற்பரப்பில் அழுத்தி வைத்து, மணிக்கட்டைச் சற்றுக் கீழே இறக்கி எறிந்து பாருங்கள். பக்கத்தில் இருந்து ஒருவர் போனில் மெதுவோட்ட வீடியோ எடுத்தால் பிழை உடனே தெரியும். (வலக்கைக்காரர் புறங்கையால் எறிவதை வைத்தே இடம், வலம் சொல்கிறேன். இடக்கை என்றால் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.)

ஐந்து டிஸ்க்கும் என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. ஒவ்வொன்றின் மேலும் பெரும்பாலும் நாலு எண் இருக்கும்: வேகம், மிதப்பு, தொடக்கத்தில் வலம் திரும்பும் அளவு, கடைசியில் இடம் விழும் அளவு. லெப்பர்ட் என்ற ட்ரைவர் என்றால் 6, 5, -2, 1. ஏவியார் பற்றர் என்றால் 2, 3, 0, 1. வேகம் 10க்கு மேல் உள்ள டிஸ்க் இருந்தால் அதைப் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டாம். அந்த விளிம்பு வேலை செய்யக் கை வேகம் வேண்டும். அது இல்லாவிட்டால் தூரமும் கூடாது, இடப்பக்கம்தான் சரியும். ஒரு பற்றர், ஒரு மிட்றேஞ்ச், வேகம் 6 அல்லது 7 உள்ள ஒரு ட்ரைவர் இருந்தால் 18 ஹோலும் ஆடலாம். மீதி இரண்டும் காற்றுக்கும், தொலைந்தால் மாற்றுக்கும்.

நோர்வேக் கோர்ஸ்கள் பல காட்டுக்குள் இருக்கின்றன. அங்கே தூரத்தைவிட இடைவெளிக்குள்ளால் எறிவதுதான் முக்கியம். தென்னங்காணி இருந்தால் அதுதான் உங்கள் காடு. வரிசைக்கு நடுவில் எறிந்து பழகியபின் கடினமாக்குங்கள்: 15 மீற்றருக்கு அப்பால் 3 மீற்றர் இடைவெளியில் இரண்டு தடி நட்டு, அதற்குள்ளால் மிட்றேஞ்ச் எறியுங்கள். பத்தில் ஏழு உள்ளே போகும்வரை ட்ரைவரைத் தொடாதீர்கள். முழுப் பலத்தில் வேண்டாம், முக்கால் பலம். அண்ணாவின் கோர்ஸில் மரத்தில் பட்டுத் திரும்பி வரும் ஒவ்வொரு எறிக்கும் ஒரு எறி கூடும். 10 மீற்றர் குறைவாகப் போனதற்குப் பெரும்பாலும் ஒன்றும் கூடாது.

முன்கை எறியையும் பழகுங்கள். குளத்துத் தண்ணீரில் ஓட்டுத்துண்டு தத்தித் தத்திப் போக எறிந்தவர்களுக்கு அந்தக் கை அசைவு ஏற்கனவே இருக்கிறது. முன்கை எறி வலப்பக்கம் விழும். வலம் வளையும் ஹோலில் அது பெரிய உதவி. 30 மீற்றர் போனாலே போதும்.

இனிக் கூடை. கூடையின் விளிம்பு நிலத்தில் இருந்து சுமார் 82 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும், அதற்கு மேலே அரை மீற்றர் அளவுக்குச் சங்கிலி. பனைமரத்தில் 80 சென்ரிமீற்றரில் ஒரு துணியும் 130 சென்ரிமீற்றரில் ஒரு துணியும் கட்டுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே பட்டால் கணக்கு. பனை சங்கிலியைவிட ஒடுக்கம். அதில் படப் பழகினால் உண்மையான கூடை உங்களுக்கு அகலமாகத் தெரியும். 3, 5, 7 மீற்றரில் இருந்து இருபது இருபது, நாளாந்தம். 10 மீற்றரில் இருந்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்; தொடக்கப் பிரிவில் எறிகள் வீணாவது 5 மீற்றருக்குள்தான். மரத்தைச் சுற்றிக் கிடக்கும் கருக்குமட்டைகளை முதலில் அப்புறப்படுத்துங்கள். கருக்கில் உரசினால் விளிம்பில் சிலும்பு எழும்பும், விரலில் கீறும். மெல்லிய மண்கடதாசியால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து விடலாம், விதி அதை அனுமதிக்கிறது. டிஸ்க்கின் வடிவம் மாறுமளவுக்குத் தேய்த்தால் அதைப் போட்டியில் பாவிக்க முடியாது.

காற்றைப் பொறுத்தவரை உங்களுக்கு வாய்ப்பான காலம் இது. சோளகம் வீசும்போது பழகியவருக்கு வேறெந்தக் காற்றும் பெரிதாகத் தெரியாது. எதிர்க்காற்றில் டிஸ்க் வலப்பக்கம் திரும்பும் குணம் கூடும். கடைசி எண் பெரிதான டிஸ்க்கைத் தாழ்வாக, பலத்தைக் குறைத்து எறியுங்கள். எதிர்க்காற்றென்று வேகத்தைக் கூட்டினால் திரும்பல் இன்னும் மோசமாகும். பின்காற்றில் டிஸ்க் மிதக்காமல் நேரத்தோடு இடப்பக்கம் விழும். பக்கக்காற்றைத்தான் பலர் விளங்கிக்கொள்வதில்லை. இடவிளிம்பு தாழ்ந்து பறக்கும் டிஸ்க்குக்கு வலப்பக்கக் காற்று அடிவயிற்றில் பிடித்துத் தூக்கி, இடப்பக்கம் தூரமாகக் கொண்டுபோகும். அதே டிஸ்க்கை இடப்பக்கக் காற்று மேலே அழுத்தி நிலத்தில் போடும். காலை ஏழு மணிக்கு எடுத்த அளவையும் காற்று ஏறியபின் எடுத்த அளவையும் கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள்.

வன்னி சமதரை, நோர்வே மேடும் பள்ளமும். அந்தக் குறைக்குக் குளக்கட்டு இருக்கிறது. வயல் பக்கச் சரிவில் கீழே நின்று மேலேயும், மேலே நின்று கீழேயும் எறியுங்கள். மேல்நோக்கி எறியும்போது வேகம் சீக்கிரம் குறைந்து இடப்பக்கம் விழும், ஆகவே ஒரு படி நீளமான டிஸ்க். கீழ்நோக்கி எறிந்தால் டிஸ்க் கூடநேரம் வானத்தில் நிற்கும், இலக்கைத் தாண்டிப் போகும், ஆகவே மெதுவான டிஸ்க். தண்ணீர்ப் பக்கம் எறியவே வேண்டாம். பெரும்பாலான டிஸ்க் மிதக்காது, எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று, இதை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். மிதிவெடி முழுதாக அகற்றப்படாத இடங்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. ஆள் நடமாடும், உழுது பயிரிடும் நிலத்தில் மட்டும் எறியுங்கள். டிஸ்க் பற்றைக்காட்டுக்குள் போய்விட்டால், ஊரவரிடம் கேட்காமல் உள்ளே இறங்க வேண்டாம். சிவப்பு மண்டையோட்டுப் பலகை தெரிந்தால் அந்த டிஸ்க்கை மறந்துவிடுங்கள். புல்லுக்குள் கிடப்பதை எடுக்கும்போதும் கையை விடமுதல் தடியால் தட்டுங்கள். புடையன் காய்ந்த புல்லில் கண்ணுக்குத் தெரியாது.

குளிரும் ஈரமும் உங்களுக்குப் புதிது. ஒஸ்லோவில் ஆகஸ்ட் காலை 12, 13 பாகையாக இருக்கலாம். இங்கே 33 பாகையில் பிளாஸ்ரிக் இளகிக் கையில் ஒட்டும், அங்கே இறுகி வழுக்கும். அதோடு குளிர்காற்று இங்குள்ளதைவிடச் சுமார் 7 வீதம் அடர்த்தி. அதே எறி சில மீற்றர் குறையும். இங்கே எடுத்த தூரத்தில் ட்ரைவருக்கு 5 மீற்றரைக் கழித்தே கணக்குப் போடுங்கள். மழைக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும்: டிஸ்க்கை முக்கி எடுத்து, துணியால் ஒருக்காத் துடைத்து எறியுங்கள். ஒவ்வொரு எறிக்கும் இதே முறை. கையும் டிஸ்க்கும் நன்றாகத் துடைக்காவிட்டால் டிஸ்க் எந்தக் கணத்தில் நழுவுகிறது என்று அப்போதுதான் விளங்கும். பழைய பருத்திச் சாரத்தைக் கிழித்து நாலு துண்டாக எடுத்துக்கொண்டு போங்கள். சப்பாத்து அடிப்பக்கம் ஆழமான பள்ளங்கள் உள்ளதாக இருக்கட்டும். பாசி பிடித்த பாறையில் சாதாரண கன்வஸ் நிற்காது. பயணப்பையில் டிஸ்க்குகளைப் படுக்கையாக வையுங்கள், நிமிர்த்தி நெருக்கினால் வளையும்.

புறப்பட முன்னரே யூடிஸ்க் செயலியில் அண்ணாவின் கோர்ஸைத் தேடுங்கள். நோர்வேக் கோர்ஸ்கள் மிகப் பெரும்பாலும் அதில் இருக்கின்றன: வரைபடம், மீற்றர் கணக்கு, சிலவற்றுக்குப் படமும். போட்டிக்கென்று ரீயையோ கூடையையோ மாற்றுவது வழக்கம். அதனால் போட்டிப் பக்கத்தில் போடும் ஹோல் விபரத்தையும் அண்ணாவிடம் கேட்டு வாங்குங்கள். பிறகு ஹோலுக்கு ஒரு வரி எழுதுங்கள், இந்த மாதிரி: "7 – 68 மீற்றர் – மிட் – வலப்பக்கம் பிழைத்தால் பரவாயில்லை, இடம் கூடாது." அந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம். எந்த எறியும் பிழைக்கலாம். எந்தப் பக்கம் பிழைக்கவிடுவது என்பதை வீட்டிலிருந்தே தீர்மானிக்கலாம்.

அங்கே போனதும் முதல் நாள் எறியாமல் நடந்து பாருங்கள், கூடையில் இருந்து ரீயை நோக்கி. ரீயில் நின்றால் தெரியாதது கூடையடியில் நின்றால் தெரியும்: கூடைக்குப் பின்னால் நிலம் சரிகிறதா, தவறிய டிஸ்க் உருண்டு போகுமா, எந்த இடத்தில் விழுந்தால் அடுத்த எறிக்குத் தடையில்லாத வழி இருக்கிறது. பின்னால் சரிவு இருக்கும் கூடைகளுக்கு ஒரு குறி போடுங்கள். அவற்றில் 7 மீற்றருக்கு வெளியே நின்று கூடைக்கு எறியாமல், கூடையடியில் கொண்டுபோய் வையுங்கள். இரண்டாம் நாள் முழுச் சுற்று. ஒவ்வொரு ரீயிலும் இரண்டு எறி, திட்டமிட்டது ஒன்று, அதைவிடக் குறுகிய டிஸ்க்கால் ஒன்று. இரண்டாவது நல்ல இடத்தில் விழுந்தால் போட்டியில் அதையே எறியுங்கள், மானம் பார்க்காமல். ஆகஸ்டில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆனால் உங்கள் உடம்புக்கு அது நள்ளிரவு தாண்டிய பன்னிரண்டரை. பழக்கத்தைக் காலையில் வையுங்கள். மூன்றாம் நாள் கூடையடிப் பழக்கம் மட்டும், கைக்கு ஓய்வு.

விதிகளில் புதியவருக்கு எறியைக் கூட்டுபவை சில. டிஸ்க் கிடந்த இடத்தில் அடையாளம் வைத்தால், அதன் பின்னே 20 சென்ரிமீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள செவ்வகத்துக்குள் ஒரு கால் ஊன்றி இருக்கவேண்டும். கூடைக்கு 10 மீற்றருக்குள் எறிந்தபின் முன்னே விழக்கூடாது, நிலையாக நின்றுகாட்டியே நடக்கவேண்டும். பனையடியில் பழகும்போதே இதைக் கடைப்பிடியுங்கள். அங்கே போய்ப் பழக வராது. ஓ.பிக்கு ஒரு எறி தண்டம், தொலைந்த டிஸ்க்குக்கும் ஒன்று. தேட மூன்று நிமிடம், எறிய முப்பது செக்கன். ஒவ்வொரு டிஸ்க்கிலும் உங்கள் அடையாளம் இருக்கவேண்டும், அழியாத மையால் பெயரை எழுதுங்கள். மரத்தில் அம்புக்குறி மாட்டியிருந்தால் அது மாண்டோ: அம்பு காட்டும் பக்கத்தால்தான் டிஸ்க் போகவேண்டும். தொடங்கும் நேரத்துக்குப் பிந்தினால் தவறவிட்ட ஒவ்வொரு ஹோலுக்கும் பாரோடு (அந்த ஹோலுக்கென்று குறித்த எறி எண்ணிக்கை) நாலு சேர்ப்பார்கள், ஆகவே அரை மணித்தியாலம் முந்தியே போய் நில்லுங்கள். எறி ஆட்கள் பக்கம் போனால் "ஃபோர்" என்று கத்தவேண்டும், வெட்கப்படவேண்டாம்.

முதல் மூன்று ஹோலில் நெஞ்சு படபடக்கும். அந்த மூன்றுக்கும் ட்ரைவரை எடுக்காமல் மிட்றேஞ்சோடு போங்கள். ஓ.பிக்குள் போய்விட்டால் அடுத்த எறியில் அதை மீட்க நினைக்காமல், திறந்த இடத்துக்கு ஒரு குறுகிய எறி. எண்ணிக்கையை ஒவ்வொரு ஹோல் முடிவிலும் குழுவில் வாய்விட்டுச் சொல்லுங்கள், தண்ட எறியையும் சேர்த்து. 18 முடிந்ததும் கார்டைக் கொடுக்க முன்னர் ஹோல் ஹோலாகச் சரிபாருங்கள், கூட்டுத்தொகையையும். பிழையான கார்டைக் கொடுத்தால் இரண்டு எறி கூடும்.