கறுப்புப் பட்டையும் காணாமல் போன ஐந்து நிமிடமும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் வாசனையே மாறிவிடும். குளிர்சாதனப் பெட்டியும் ஏர்கான் பராமரிப்பும் பின்னால் போய், பிள்ளைகளுக்கு வாங்கிய படமும் அதை ஓட்டும் கருவியும் முன்னால் வந்து உட்காரும். இம்முறை பல கடிதங்கள் ஒரே அனிமேஷன் படத்தைச் சுற்றி வந்தன: 'இன்கிரெடிபிள்ஸ் 2'. 2004ல் வந்த முதல் படத்துக்குப் பதினான்கு ஆண்டு கழித்து, 2018ல், அதே பிராட் பேர்ட் இயக்கிய இரண்டாம் பாகம்.

கேள்வி: இணையம் வழியாக அமெரிக்க விற்பனையாளரிடம் இந்தப் படத்தின் 4கே வட்டை வாங்கினேன். எங்களிடம் இருப்பது 55 அங்குலத் தொலைக்காட்சி. படத்துக்கு மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வருகிறது. அதோடு, சந்தா கட்டிப் பார்க்கும் தளத்தில் இருப்பதைவிட வட்டில் படம் இருட்டாகத் தெரிகிறது. "போலி வட்டு, நல்லா ஏமாந்துட்ட" என்கிறார் கணவர். திருப்பி அனுப்பிவிடவா? (செங்காங் வாசகி)

பதில்: அனுப்பாதீர்கள். நீங்கள் ஏமாறவில்லை.

முதலில் பட்டை. படம் 2.39:1 என்ற அளவில், அகலத் திரைக்காக உருவாக்கப்பட்டது. உங்கள் தொலைக்காட்சியின் அளவு 16:9, அதாவது ஏறத்தாழ 1.78:1. அகலமான படத்தை அகலம் குறைந்த திரையில் முழுதாகக் காட்டினால் திரை உயரத்தில் கால் பங்கு வெறுமையாகத்தான் நிற்கும். சந்தேகம் இருந்தால் தளத்திலும் அதே படத்தைப் போட்டுப் பாருங்கள், அங்கேயும் இதே பட்டைதான். ரிமோட்டில் 'ஸூம்' அழுத்திப் பட்டையை விரட்டிவிடலாம். ஆனால் படத்தின் அகலத்தில் கால் பங்கு திரைக்கு வெளியே போய்விடும். ஐந்து பேர் குடும்பம் வரிசையாக நிற்கும் காட்சியில் ஓரத்தில் நிற்பவருக்குப் பாதி முகம்தான் மிஞ்சும்.

இருட்டு விஷயம் இத்தனை எளிதல்ல. உங்கள் வட்டில் இருப்பது எச்டிஆர்10, அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் விரித்துக் காட்டும் 'எச்டிஆர்' நுட்பத்தில் ஒரு வகை. எவ்வளவு ஒளி வேண்டும் என்று படம் முழுவதற்கும் ஒரே குறிப்பைத் தொலைக்காட்சிக்குக் கொடுக்கும் முறை இது. தளத்தில் வருவது டால்பி விஷன். உங்கள் தொலைக்காட்சி அதை ஏற்கும் வகையாக இருந்தால் அந்தக் குறிப்பு காட்சிக்குக் காட்சி மாறும். எச்டிஆர் படங்களை 1,000 நிட் (திரை ஒளியை அளக்கும் அலகு) அல்லது அதற்கும் மேல் ஒளிரும் திரையில் வைத்துத்தான் பொதுவாகச் சீரமைக்கிறார்கள். நடுத்தர விலைத் தொலைக்காட்சிகள் பலவும் 300, 400 நிட்டோடு மூச்சு வாங்கிவிடும். இருக்கும் ஒளிக்குள் படத்தை அடக்கப் பார்க்கும்போது சில தொலைக்காட்சிகள் எல்லாவற்றையும் மொத்தமாக இருட்டாக்கிவிடுகின்றன. வட்டில் குறையில்லை, அதை உங்கள் திரை படிக்கும் விதத்தில்தான் குறை.

தொலைக்காட்சி அமைப்புகளுக்குள் போய் மின்சிக்கனப் பாங்கை முதலில் அணையுங்கள். எச்டிஆர் படத்தை மங்கலாக்குவதில் அதுதான் முதல் குற்றவாளி. கருவியைச் செருகியிருக்கும் எச்டிஎம்ஐ துளைக்குத் தனியாக ஓர் அமைப்பு இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, பெரும்பாலும் 'என்ஹான்ஸ்ட்' அல்லது 'டீப் கலர்' என்று வரும். அதைத் திறக்காவிட்டால் 4கே வட்டின் நிறமும் ஒளியும் முழுதாக உள்ளே வராது. படப்பாங்கை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று வையுங்கள். பிறகு, குழந்தை ஜாக்-ஜாக் இரவில் கொல்லைப்புறத்தில் ரக்கூனோடு மல்லுக்கட்டும் காட்சியைப் போடுங்கள். ரக்கூனின் ரோமமும் பின்னால் இருக்கும் செடியும் பிரிந்து தெரிந்தால் போதும், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அசைவை வழவழப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். படம் நொடிக்கு 24 சட்டகம். இந்த வசதி இடையிடையே தானாகச் சட்டகங்களை நுழைக்கும். அனிமேஷன்காரர்கள் ஒரு துள்ளலை எங்கே வெட்டென்று நிறுத்த வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டு செய்ததை இது எண்ணெய் தடவியதுபோல வழுக்க விட்டுவிடும். கடையில் இதெல்லாம் திறந்தே இருக்கும். பளீர் வெளிச்சத்துக்கு அடியில் பளபளப்பாகத் தெரிவதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. நானும் ஒருமுறை அந்தப் பளபளப்பை நம்பி ஒரு தொலைக்காட்சி வாங்கிவந்து, ஆறு மாதம் எல்லோரும் ஆரஞ்சு முகத்தோடு பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான்.

சின்னப் பிள்ளை பார்க்கும் வீடு என்பதால் ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வில்லனோடு நடக்கும் ஒரு சண்டையில் திரை முழுக்க வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும். 2018ல் அதற்காகவே திரையரங்குகளில் அறிவிப்பு ஒட்டினார்கள். குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால் அந்தக் காட்சியைத் தாண்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு கிகாபிட் ஃபைபர் இணைப்பு. படம் ஒருமுறைகூடச் சுற்றிக்கொண்டு நின்றதில்லை. தளத்திலும் '4கே' என்றுதான் போட்டிருக்கிறது. பிறகு எதற்கு வட்டு? அதில் தமிழ் ஒலியாவது இருக்குமா? (ஈசூன் வாசகர்)

பதில்: உங்கள் குழாய் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரைத் திறந்துவிடுவது அவர்கள். 4கே படத்துக்குத் தளங்கள் அனுப்புவது பொதுவாக நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட். உங்கள் இணைப்பு பத்து கிகாபிட்டாக இருந்தாலும் அதற்கு மேல் வராது. சாதாரண புளூ-ரேயில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை இடமுண்டு. 4கே வட்டில் அந்த உச்சம் நூறைத் தாண்டும். பழைய டிவிடியில் பத்துக்குள் அடங்கிவிடும்.

இந்த வித்தியாசம் அனிமேஷனில் எங்கே கண்ணில் படும் என்று சொல்கிறேன். கேமராவில் எடுத்த படத்தில் புள்ளிபுள்ளியாக ஒரு சொரசொரப்பு இருக்கும், சின்னச் சின்னக் குறைகள் அதில் மறைந்துகொள்ளும். கணினியில் வரைந்த வானத்துக்கு அந்தப் போர்வை கிடையாது. அந்தி வானம் ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு மெல்ல இறங்க வேண்டிய இடத்தில், தரவு குறைந்தால் வண்ணம் படிக்கட்டுபோல வரிவரியாகப் பிரிந்து நிற்கும். மூடுபனி, கடலடி, ஒற்றை விளக்கு எரியும் சுவர், இவையெல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். ஒலியிலும் வித்தியாசம் உண்டு. தளத்தில் வருவது சுருக்கிய டால்பி அட்மோஸ், வட்டில் இருப்பது எதையும் இழக்காதது. ஆனால் தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியில் கேட்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். டிஸ்னி வட்டுகளில் ஒலி தாழ்வாகப் பதிந்திருக்கிறது என்று ரசிகர்கள் பல ஆண்டுகளாகக் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அது நியாயமான குறை. வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டிவைத்துக் கேளுங்கள்.

உறையில் '4கே' என்று போட்டிருப்பதை வைத்தும் ரொம்ப மயங்க வேண்டாம். கணினி அனிமேஷன் படங்கள் பலவற்றை 2கே அளவில் உருவாக்கி முடித்து, பிறகுதான் 4கேவுக்குப் பெரிதாக்குகிறார்கள். 4கே வட்டில் நீங்கள் உண்மையில் கூடுதலாக வாங்குவது நிறத்தையும் ஒளியையும்தான், கூர்மையை அவ்வளவாக இல்லை. ஆகவே திரை நல்ல ஓஎல்இடி வகையாக இருந்தால் 4கே வாங்குங்கள். நடுத்தரத் திரை என்றால் சாதாரண புளூ-ரே போதும், மிச்சக் காசுக்கு ஒரு சவுண்ட்பார் வாங்கலாம். மாதத்தில் ஒருமுறைதான் படம் பார்க்கும் வீடு என்றால் எதுவுமே வேண்டாம், சந்தா போதும். எங்கள் வீட்டுப் பெயரப் பிள்ளைபோல ஒரே படத்தை இருபது தடவை பார்க்கும் ஆள் இருந்தால் மட்டும் வட்டு.

மொழி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்க வட்டுகளில் பெரும்பாலும் ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு ஒலிதான் இருக்கும். தாத்தா பாட்டிக்குத் தமிழில் வேண்டுமென்றால் வாங்குமுன் உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

கேள்வி: லண்டனிலிருந்து வந்த மச்சான் இதே படத்தின் டிவிடியைக் கொண்டுவந்தார். 113 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. தளத்தில் 118 நிமிடம் காட்டுகிறது. ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டார்களா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: ஒரு காட்சியும் போகவில்லை, படம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான். பிரிட்டிஷ் டிவிடிகள் 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் பதிந்தவை, நொடிக்கு 25 சட்டகம். 24 சட்டகப் படத்தை 25ல் ஓட்டினால் நூற்றுக்கு நான்கு பங்கு நேரம் சுருங்கும். 118ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்துப் பாருங்கள், 113 வந்து நிற்கும். குரல்களும் ஓர் இழை கீச்சென்று இருக்கும், ஆனால் காது அதைக் கண்டுகொள்ளாது.

அந்த டிவிடி உங்கள் வீட்டில் ஓடியதே நல்ல காலம். டிவிடிக்குச் சிங்கப்பூர் 3ஆம் வட்டாரம், பிரிட்டன் 2, அமெரிக்கா 1, இந்தியா 5. உங்களிடம் எல்லா வட்டாரமும் ஏற்கும் கருவி இருக்கிறது போலிருக்கிறது. புளூ-ரேயில் நாம் அமெரிக்காவோடு ஒரே 'ஏ' வட்டாரம், பிரிட்டன் 'பி', இந்தியா 'சி'. 4கே வட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, எங்கே வாங்கினாலும் ஓடும். அடுத்தமுறை மச்சானிடம் 4கே வட்டாகவே சொல்லியனுப்புங்கள். அமெரிக்காவில் இருப்பவர் கொண்டுவருவதாக இருந்தால் சாதாரண புளூ-ரேயும் சரி.

கேள்வி: 4கே வட்டு வாங்கி என் பிளேஸ்டேஷன் 4 புரோவில் போட்டேன். படிக்கவே இல்லை. அது 4கே கருவிதானே? (பொங்கோல் வாசகர்)

பதில்: விளையாட்டுக்கும் தளங்களுக்கும் 4கே, வட்டுக்கு இல்லை. அதில் இருப்பது சாதாரண புளூ-ரே ஓட்டிதான். பிளேஸ்டேஷன் 5ல், வட்டுத் துளை உள்ள வகை என்றால், 4கே வட்டு ஓடும். வட்டுத் துளை உள்ள எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ்சிலும் ஓடும், சீரீஸ் எஸ்ஸில் துளையே கிடையாது. தனிக் கருவி வாங்க நினைத்தால் கையில் தேர்வு சுருங்கிக்கொண்டே வருகிறது. ஓப்போ 2018ல் கடையைக் கட்டியது, சாம்சுங் 2019ல். இப்போது பெரும்பாலும் சோனி, பேனசோனிக் பக்கம்தான் போகவேண்டும். உங்கள் 4கே உறையைத் திறந்து பாருங்கள், உள்ளே சாதாரண புளூ-ரே வட்டு ஒன்றும் சேர்ந்து இருக்கலாம். இருந்தால் இப்போதைக்கு அதைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: வெளிநாட்டு இணையத் தளத்தில் 38 வெள்ளிக்கு வட்டு வாங்கினால் மேலே வரி போடுகிறார்கள். 400 வெள்ளிக்குக் கீழே வரி இல்லை என்றுதானே சொல்வார்கள்? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: அது பழைய கதை. 2023 ஜனவரி முதல், இங்கே பொருள், சேவை வரிக்குப் பதிந்துகொண்ட வெளிநாட்டு விற்பனையாளர்களும் தளங்களும் 400 வெள்ளி வரையிலான பொருள்களுக்கும் வரி வசூலிக்கிறார்கள். 2024 முதல் அது 9 விழுக்காடு.

கேள்வி: இங்குள்ள ஒரு கடையில் புது வட்டு வாங்கினேன். எப்போது போட்டாலும் நடுவில் ஒரே இடத்தில் உறைந்து நிற்கிறது. உறையைப் பிரித்துவிட்டால் மாற்ற முடியாது என்று கடைக்காரர் கையை விரிக்கிறார். (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: முதலில் வட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். வேறொருவர் வீட்டுக் கருவியிலும் போட்டுப் பாருங்கள். உங்கள் கருவியின் மென்பொருள் பழையதாக இருப்பதும் ஒரு காரணமாகலாம். அங்கேயும் அதே இடத்தில் நின்றால் குறை வட்டில்தான்.

உறையைப் பிரிக்காமல் வட்டு ஓடுமா என்று எப்படித் தெரியும்? கடைச் சுவரில் என்ன எழுதி ஒட்டியிருந்தாலும், 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் 'லெமன் சட்டம்' உங்கள் பக்கம். வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அது இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. பழுது நீக்கித் தர வேண்டும் அல்லது மாற்றித் தர வேண்டும். வட்டைப் பழுதுபார்க்க முடியாது, ஆகவே மாற்றுதான். அதுவும் நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இது பொருந்தும். இணையத்தில் தனிநபர் ஒருவரிடம் வாங்கியதற்குப் பொருந்தாது. மனம் மாறிவிட்டது, பிள்ளை கீறிவிட்டான் என்றெல்லாம் சொல்லிக் கேட்கவும் முடியாது.

ரசீதோடு, படம் நின்றுபோகும் இடத்தைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு போய்ப் பொறுமையாகக் கேளுங்கள். மசியாவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அதற்கும் மேலே, 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளுக்குச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞருக்கு இடமில்லை, நீங்களே பேசலாம். ஒரு வட்டுக்காக அங்கே போவீர்களா என்பது வேறு விஷயம். போக வழி தெரிந்தவர் என்று காட்டிக்கொண்டாலே பல கடைக்காரர்களுக்குக் குரல் இறங்கிவிடும்.

கேள்வி: மகள் பிறந்தநாளுக்கு எங்கள் புளோக் வாய்ட் டெக்கில் திரை கட்டி, அக்கம்பக்கப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு இந்தப் படத்தைப் போடலாமா? வட்டு நான் காசு கொடுத்து வாங்கியதுதான். (புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: நீங்கள் வாங்கியது வீட்டுக்குள் பார்க்கும் உரிமை. பொது இடத்தில் திரையிட உரிமம் வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும், வாய்ட் டெக் இடத்துக்கும் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். பிள்ளைகளை வீட்டுக்கே கூப்பிடுங்கள். சோபாவைச் சுவரோரம் தள்ளி, பாயை விரித்தால் பன்னிரண்டு பேர் உட்காரலாம்.