அண்டை நாட்டு மகளிர் அமைப்புகளுடன் கைகோக்கும் முன் எழுத்தில் பெற வேண்டியவை

வாசகர் ஒருவரின் கேள்வி: குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்குச் சட்ட உதவி செய்யும் சிறிய குழு எங்களுடையது. முழுநேரப் பணியாளர்கள் இருவர் மட்டுமே. அண்டை நாடுகளைச் சேர்ந்த ஐந்து மகளிர் அமைப்புகள், பாலினச் சமத்துவத்துக்காகப் பிராந்திய அளவில் ஒன்றாகச் செயல்படலாம் என்று எங்களை அழைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று மிகப் பெரியது. நிதியும் அதன் வழியாகவே வரும். அன்றாடப் பணிக்கே ஆள் போதாத நாங்கள் இதில் சேர்வதால் பயன் உண்டா? சேர்ந்தால் எங்கள் குரல் அமுங்கிப் போகாதா?

பதில்: பயன் உண்டு, சேருங்கள். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வியில் உள்ள அச்சமும் நியாயமானதே. அதற்கான ஏற்பாட்டைச் சேர்வதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டுப் பெறுவது கடினம்.

பிராந்தியக் கூட்டு என்ன சாதிக்கும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் மாபுட்டோ நெறிமுறை நல்ல சான்று. பெண்களின் உரிமைகளுக்கான அந்த ஒப்பந்தத்தை ஆப்பிரிக்க ஒன்றியம் 2003 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது நடைமுறைக்கு வருவதற்குப் பதினைந்து நாடுகளின் ஏற்புறுதி, அதாவது ஒப்பந்தத்துக்குச் சட்டப்படி கட்டுப்படுவோம் என்ற முறையான ஒப்புதல், தேவைப்பட்டது. இத்தகைய ஒப்பந்தங்கள் இந்தக் கட்டத்தில்தான் ஆண்டுக்கணக்கில் தேங்கிப்போகும். 2004-இல் பல நாடுகளின் மகளிர் அமைப்புகள் கூட்டணி அமைத்து, கையெழுத்தே இடாத நாட்டுக்குச் சிவப்பு அட்டை, கையெழுத்திட்டும் ஏற்புறுதி செய்யாத நாட்டுக்கு மஞ்சள் அட்டை, ஏற்புறுதி செய்த நாட்டுக்குப் பச்சை அட்டை என்று ஒவ்வோர் அரசின் நிலையையும் வெளிப்படையாக அறிவித்தன. எந்த அரசும் அண்டை அரசு பச்சை அட்டை பெற்றிருக்கும்போது தன் பெயருக்கு எதிரே சிவப்பு அட்டை இருப்பதை விரும்புவதில்லை. 2005 நவம்பர் 25 அன்று அந்த நெறிமுறை நடைமுறைக்கு வந்தது.

அந்தத் தேதிக்கே ஒரு வரலாறு உண்டு. டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகார ஆட்சியை எதிர்த்ததற்காக மிராபல் சகோதரிகள் மூவர் 1960 நவம்பர் 25 அன்று கொல்லப்பட்டார்கள். 1981-இல் போகோட்டா நகரில் கூடிய லத்தீன் அமெரிக்க, கரீபியப் பெண்ணியவாதிகள் அந்நாளைப் பெண்களுக்கெதிரான வன்முறையை எதிர்க்கும் நாளாக அறிவித்தார்கள். 1999-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை அதை ஏற்றது. இதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். கூட்டுப் பணியில் சில பலன்கள் இவ்வளவு தாமதமாகத்தான் வரும்.

மாபுட்டோ நெறிமுறைக்காக உழைத்த கூட்டணிக்கு, அதை ஏற்புறுதி செய்யுங்கள் என்ற ஒரே கோரிக்கைதான் இருந்தது. அது நிறைவேறியதா இல்லையா என்பதை எவரும் சரிபார்க்க முடிந்தது. பெண்களை வலுப்படுத்துதல், விழிப்புணர்வை வளர்த்தல் போன்ற பரந்த இலக்குகளை மட்டும் வைத்துத் தொடங்கும் கூட்டமைப்புகள் மாநாடு நடத்தி, அறிக்கை வெளியிட்டு, நிதி தீர்ந்ததும் ஓய்ந்துவிடுகின்றன. ஆகவே, உங்களுக்கு வந்த அழைப்பில் முதல் ஆண்டுக்கான கோரிக்கை எது என்பது தெளிவாக இல்லையென்றால், அதை நீங்களே முன்மொழியுங்கள்.

உங்கள் பணியிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். அடிபட்டு வந்த ஒரு பெண் பாதுகாப்பு ஆணை கோரி மனு எழுதும் நேரத்திலிருந்து, அந்த ஆணை அவர் கைக்கு வரும் நேரம் வரை உங்கள் நாட்டில் என்னென்ன நடக்கிறது? மனுவை அவரேதான் கொடுக்க வேண்டுமா, தாயோ தோழியோ கொடுக்கலாமா? கட்டணம் உண்டா? நீதிமன்ற விடுமுறை நாளில் இடைக்கால ஆணை தரும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? ஆணையின் படி காவல் நிலையத்துக்குத் தானாகப் போகிறதா, அல்லது அந்தப் பெண்ணே எடுத்துச் செல்ல வேண்டுமா? ஆணையை மீறியவரைக் கைது செய்யப் புதிய புகார் வேண்டுமா? இதே கேள்விகளுக்கு ஆறு அமைப்புகளும் தத்தம் நாட்டு விடையை எழுதி ஒரே அட்டவணையில் வைத்தால், நடைமுறைச் சிக்கல் என்று உங்கள் அதிகாரிகள் கைவிரிக்கும் ஒன்று பக்கத்து நாட்டில் வழக்கமாக நடப்பது தெரியவரலாம். உள்நாட்டுக் குழு எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் தனியாக இந்த வாதத்தை உருவாக்குவது எளிதல்ல. இதற்குப் பெரிய நிதியும் வேண்டாம். உங்கள் கோப்புகளிலேயே பாதி விடைகள் இருக்கும்.

அந்த அட்டவணையைக் கொண்டு செல்லத் தக்க இடமும் உண்டு. 1979-இல் ஏற்கப்பட்ட, பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் சீடா (CEDAW) என்னும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இணைந்த நாடுகள், குறிப்பிட்ட கால இடைவெளியில் 23 வல்லுநர்கள் கொண்ட குழுவுக்கு அறிக்கை அளிக்கக் கடமைப்பட்டவை. அரசு சொல்லாமல் விட்டதை மகளிர் அமைப்புகள் நிழல் அறிக்கையாகத் தரலாம். உங்கள் அரசு அறிக்கை தரும் ஆண்டு எது என்று பார்த்து, கூட்டுப் பணியின் கால அட்டவணையை அதற்கேற்ப அமையுங்கள்.

இனி உங்கள் குரல் பற்றி. சிறிய குழுவின் குரல் அமுங்குவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் நிகழ்வதில்லை, அவசரத்தால் நிகழ்கிறது. வெள்ளிக்கிழமை மாலை பெரிய அமைப்பிடமிருந்து ஆங்கிலத்தில் நான்கு பக்க வரைவு வரும்; திங்கள் காலைக்குள் மறுப்பு வராவிட்டால் ஒப்புதலாகக் கருதுவோம் என்று அதன் கீழே ஒரு வரி இருக்கும். அந்த இரண்டு நாளும் உங்கள் பணியாளர் ஒருவர் மருத்துவமனையில் ஒரு பெண்ணுடன் இருப்பார். திங்கள் மாலை உங்கள் குழுவின் பெயருடன் அறிக்கை வெளியாகிவிடும். எனவே மௌனம் ஒப்புதல் ஆகாது, எழுத்தில் சம்மதித்த அமைப்பின் பெயர் மட்டுமே இடம்பெறும் என்ற விதியை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு நாட்டில் சாதாரணமான வாசகம் இன்னொரு நாட்டில் வழக்குக்கும் பதிவு ரத்துக்கும் இட்டுச் செல்லக்கூடும் என்பதால், குறிப்பிட்ட அறிக்கையில் கையெழுத்திடாமலே உறுப்பினராகத் தொடரும் உரிமையும் அந்த விதியில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்புச் செலவு நிதித் திட்டத்தில் தனி இனமாக இடம்பெறட்டும்.

ஒருங்கிணைப்புப் பொறுப்பு ஆண்டுதோறும் சுழற்சி முறையில் மாற வேண்டும் என்று பலர் வலியுறுத்துவார்கள். இருவர் பணிபுரியும் குழுவுக்கு அது சமத்துவத்தைத் தராது, சுமையைத்தான் தரும் என்பது என் கருத்து. கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பெரிய அமைப்பிடமே இருக்கட்டும். முடிவெடுப்பதில் அமைப்புக்கு ஒரு வாக்கு என்பதும், கணக்கு விவரம் காலாண்டுதோறும் அனைவருக்கும் வரும் என்பதும் எழுத்தில் இருந்தால் போதும். உங்கள் பணியாளர் கூட்டுப் பணிக்குச் செலவிடும் நேரத்துக்கு ஊதியப் பங்கு கேளுங்கள். பயணச் செலவு மட்டும் தருவது போதாது. வெளிநாட்டு நிதி பெற உங்கள் நாட்டுச் சட்டப்படி முன் அனுமதி வேண்டுமா என்பதை ஒரு தவணைகூட வாங்குவதற்கு முன் வழக்கறிஞரிடம் உறுதிசெய்யுங்கள்.

உங்களிடம் வரும் பெண்களின் விவரம் எந்த வடிவிலும் எல்லை தாண்டக் கூடாது. பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம். வயது, தொழில், குழந்தைகளின் எண்ணிக்கை, சம்பவம் நடந்த மாதம் ஆகியவை சேர்ந்தாலே அவர் யாரென்று அக்கம்பக்கத்தார் கண்டுகொள்வார்கள். எண்ணிக்கைகளையும் நடைமுறைத் தாமதங்களையும் மட்டும் பகிருங்கள்.

பெற்ற உரிமை நிலைக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். பெண்களுக்கெதிரான வன்முறையைத் தடுக்கும் இஸ்தான்புல் உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த துருக்கியே 2021-இல் அதிலிருந்து விலகியது. ஆகையால் கோரிக்கை நிறைவேறிய பிறகும் அதன் நடைமுறையைக் கண்காணிக்கும் பணி யாருடையது என்பதை இப்போதே கேளுங்கள்.

அழைப்புக்கான பதில் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. ஓராண்டுக்கு மட்டும் இணைய விரும்புகிறோம். முதல் பணியாகப் பாதுகாப்பு ஆணை ஒப்பீட்டை முன்மொழிகிறோம். ஒப்புதல், வாக்கு, கணக்கு, ஊதியப் பங்கு, தகவல் பாதுகாப்பு, முப்பது நாள் முன்னறிவிப்புடன் விலகும் உரிமை ஆகியவை குறித்த விதிகளை எழுத்தில் பெற்ற பிறகு கையெழுத்திடுவோம் என்று எழுதுங்கள். இவற்றுக்குப் பெரிய அமைப்பு எந்த வகையில் பதில் தருகிறது என்பதிலிருந்தே அடுத்த ஓராண்டு எப்படி இருக்கும் என்பதைப் பெருமளவு கணித்துவிடலாம்.