பொண்ணை பீச் சம்மர் கேம்புக்கு அனுப்பலாமா? என்னென்ன கேட்டுட்டு அனுப்பணும்?

8 வயசுப் பொண்ணு, நீச்சல் குளத்துல ஓரளவு நீந்துவா, ஒரு வாரம் கடற்கரையில நடக்குற கேம்ப், அனுப்பலாமா வேண்டாமான்னு கேட்டிருக்கீங்க. நான் ஆறு வருஷமா லீவு நாள்ல இந்த மாதிரி கேம்ப்ல வாலண்டியரா இருக்கேன், அதை வச்சு சொல்றேன். அனுப்பலாம். ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: பிள்ளைங்க தண்ணில இருக்கும்போது தலை எண்ணுறது யாரு?

"இவங்க, இந்த நேரத்துக்கு"ன்னு ஒரு ஆளைக் காட்டினாங்கன்னா நிம்மதி. "நாங்க எல்லாருமே பாத்துப்போம் மேடம், கவலையே படாதீங்க"ன்னு சொன்னா எனக்கு வயித்துல புளியைக் கரைக்கும். பத்து பேர் நிக்கிற இடத்துல ஒவ்வொருத்தரும் மத்த ஒன்பது பேர் பாக்குறாங்கன்னு நினைச்சுப்பாங்க, கடைசில பாக்குறதுக்கு ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க.

எங்களுக்கே ரெண்டாவது வருஷம் நடந்துச்சு. 24 பிள்ளைங்க. விசில் அடிச்சா ஜோடி ஜோடியா கையைப் பிடிச்சு மேல தூக்கணும், அது அவங்களுக்குப் பழக்கம். அன்னைக்கு அடிச்சப்போ ஒரு பொண்ணு மட்டும் ஒத்தைக் கையைத் தூக்கிட்டு நின்னா. அவ ஜோடிப் பையனைக் காணோம். மொத்தப் பேரையும் கரையேத்திட்டு நாங்க நாலு பேர் இடுப்பளவு தண்ணில கைகோத்து காலாலயே தரையைத் துழாவிக்கிட்டுப் போனோம், அந்த மூணு நிமிஷம் இன்னும் எனக்குக் கனவுல வருது. பையன் கரைல கிடந்த படகுக்குப் பின்னாடி உக்காந்து நண்டு தோண்டிட்டு இருந்தான். யார்கிட்டயும் சொல்லாம தண்ணியை விட்டு ஏறியிருக்கான், எண்ண வேண்டியவர் யார்கிட்டயோ பேசிட்டு இருந்தார். அதுக்கப்புறம் வச்சதுதான் ஆரஞ்சு தொப்பி. தொப்பி போட்டவருக்கு போன் கிடையாது, பேச்சு கிடையாது, கண்ணு தண்ணிலயே இருக்கணும், 20 நிமிஷத்துல அடுத்தவர் தலைல மாட்டிவிட்டு "இருபத்திநாலு"ன்னு எண்ணிக்கையை வாயால சொல்லிட்டுத்தான் நகரணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு விசில். பிள்ளைங்களுக்கு எரிச்சலாத்தான் இருக்கும், இருக்கட்டும்.

இவ்ளோ கறாரா இருக்கக் காரணம், மூழ்குற குழந்தை சத்தம் போடாது. நம்ம மனசுல இருக்குறது கையை ஆட்டி "காப்பாத்துங்க"ன்னு கத்துற காட்சி, நிஜத்துல வாய் தண்ணிக்கு மேல வர்ற அந்த நொடில மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும், கத்த மூச்சு மிச்சம் இருக்காது. கை மேல வராது, ரெண்டு பக்கமும் தண்ணியை அமுக்கிட்டு இருக்கும். உடம்பு நெட்டுக்குத்தா நிக்கும், தலை பின்னாடி சாஞ்சு வாய் திறந்து, முடி கண்ணுல விழுந்தாலும் ஒதுக்கத் தோணாது. தூரத்துல இருந்து பாத்தா வானத்தை வேடிக்கை பாக்குற மாதிரி இருக்கும். பல நேரம் 20 செகண்ட்ல இருந்து ஒரு நிமிஷத்துக்குள்ள உள்ள போயிடும். அதனால கூச்சல் போட்டு விளையாடுற பிள்ளைகளை விட திடீர்னு அமைதியான பிள்ளையைத்தான் நாங்க முதல்ல பாப்போம்.

குளத்துல நீந்தத் தெரியுங்கிறதைக் கடல்ல நம்பாதீங்க. அலை கொண்டுவந்து கொட்டுன தண்ணி திரும்பிப் போக ஒரு ஒடுங்கின வழி தேடும், அதான் ரிப் கரண்ட். அந்த இடத்துல அலை அவ்வளவா உடையாது, பாக்க அமைதியா, சுத்தி இருக்குற தண்ணியை விடக் கொஞ்சம் கருப்பா இருக்கும், நீந்தத் தெரியாதவங்க "இங்க அலையே இல்ல"ன்னு அங்கயேதான் போய் இறங்குவாங்க. பலமா இருந்தா செகண்டுக்கு 2 மீட்டருக்கு மேலயும் ஓடும், ஒலிம்பிக்ல நீந்துறவங்களாலயே எதிர்த்து வர முடியாது. ஆனா அது கீழ இழுக்காது, வெளியத்தான் இழுக்கும். உங்க பொண்ணுக்கு நீங்க சொல்லித்தர வேண்டியது இவ்ளோதான்: கரையைப் பாத்து எதிர்த்து நீந்தாத, மல்லாந்து மித, கையைத் தூக்கிக் கத்து. தெம்பு இருந்தா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வரலாம். கிளம்புறதுக்கு முன்னாடி குளத்துலயே ரெண்டு மூணு நாள் மல்லாந்து மிதக்க மட்டும் பழக்குங்க. லைஃப்கார்ட் இருக்குற இடமா, அவங்க கொடி நட்டிருக்குற எல்லைக்குள்ளதான் இறக்குவாங்களான்னும் கேளுங்க. காத்தடிச்சு ஊதுற மிதவை, பிளாஸ்டிக் முதலை எல்லாம் கொடுத்து அனுப்பாதீங்க, கரைல இருந்து கடலைப் பாத்துக் காத்து வீசுச்சுன்னா பிள்ளையோட சேர்த்து அள்ளிட்டுப் போயிடும்.

நீச்சல் டிரஸ் நீலம், வெள்ளை, சாம்பல் வேண்டவே வேண்டாம், தண்ணிக்குள்ள போனா கண்ணுக்கே தெரியாது. பளிச்சுனு ஆரஞ்சு இல்ல நியான் பிங்க் வாங்குங்க. சன்ஸ்க்ரீன் SPF 30க்குக் குறையாம, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணில இருந்து ஏறினா திரும்பவும்.

கரைல இருந்தா பயமில்லன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு, மணல் குழி. ஆழமாத் தோண்டி உள்ள இறங்கும்போது பக்கச் சுவர் சரிஞ்சு மூடினா நெஞ்சு அமுங்கி மூச்சே விட முடியாது, மேல இருந்து தோண்டத் தோண்ட மணல் திரும்பச் சரியும். இருக்குறதுலயே குட்டிப் பிள்ளையோட முட்டி அளவுக்கு மேல குழி கூடாது, சாயந்திரம் கிளம்பும்போது எல்லாத்தையும் மூடிட்டுத்தான் வரணும்.

உடை மாத்துற இடத்துலயும் பாத்ரூம்லயும் ஒரு பெரியவர் ஒரு குழந்தையோட தனியா இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கான்னு கூச்சப்படாமக் கேளுங்க. நல்ல கேம்ப்னா கோவிச்சுக்க மாட்டாங்க.

அப்புறம் மெடிக்கல் ஃபார்ம். வலிப்பு வந்திருந்தா, வீசிங் இருந்தா மறைக்காம எழுதுங்க. சேத்துக்க மாட்டாங்களோன்னு பயந்து மறைக்கிற பெத்தவங்களை நிறையப் பாத்துட்டேன். தண்ணிக்குள்ள வலிப்பு வந்தா முகம் கவுந்துடும், முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்தப் பிள்ளைக்குக் கை எட்டுற தூரத்துல ஒரு ஆளைப் போட்டுருவோம்.

தினமும் சாயந்திரம் அவகிட்டப் பேசும்போது "இன்னைக்கு தண்ணி ஏதும் குடிச்சியா, மூக்குல ஏறுச்சா"ன்னு கேளுங்க. தண்ணில திணறி வெளிய வந்தப்புறம் இருமல் நிக்காம, மூச்சு வேகமா வாங்கி, எப்பவும் இல்லாத மாதிரி சோர்ந்து படுத்தான்னா, விடியட்டும்னு காத்திருக்காம அப்பவே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.