மார்க் இருக்கு, கை பழகல: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எம்.எஸ்சி. பயோடெக் முடிச்சிட்டேன், 82 பர்சன்ட். போன மாசம் ஒரு கம்பெனி இன்டர்வியூல தியரி எல்லாம் கரெக்டா சொன்னேன், அப்புறம் லேபுக்கு கூட்டிட்டுப் போய் பிப்பெட்டைக் (சொட்டு சொட்டா திரவம் அளந்து எடுக்குற கருவி) கையில குடுத்து 100 மைக்ரோலிட்டர் தண்ணி எடுத்து தராசுல விடச் சொன்னாங்க. அஞ்சு தடவையும் அஞ்சு விதமா வந்துச்சு. செலக்ட் பண்ணல. இனிமே கத்துக்க முடியுமா? (ஒரு மாணவி, திண்டுக்கல்)

பதில்: கண்டிப்பா முடியும்மா. ரெண்டு வருஷத்துல பிப்பெட் உங்க கைக்கு எத்தனை தடவை வந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு பேட்ச்ல இருபது பேர், முன்னாடி நிக்கிற ரெண்டு பேர் செய்வாங்க, மத்தவங்க எட்டிப் பாத்துட்டு ரெக்கார்ட் எழுதுவாங்க, அதான் நம்ம காலேஜ்ல நடக்குது. சைக்கிள் ஓட்டுறதைப் பாத்துக் கத்துக்கிட்டவங்க யாரும் இல்லயே.

அந்தக் கம்பெனிக்காரங்க வச்ச டெஸ்ட்டையே நீங்க பயிற்சியா எடுத்துக்கலாம். 100 மைக்ரோலிட்டர் தண்ணி கிட்டத்தட்ட 0.1 கிராம் இருக்கும். நீங்க படிச்ச காலேஜ் கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல புள்ளிக்கு அப்புறம் நாலு இலக்கம் காட்டுற தராசு இருக்கும், கேட்டா விடுவாங்க. ஒரு சின்ன குப்பியை வச்சு ஜீரோ பண்ணிட்டு, பத்து தடவை தண்ணி விட்டு, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஏறுதுன்னு எழுதுங்க. பத்தும் 0.098க்கும் 0.102க்கும் நடுவுல வர்ற வரைக்கும் விடாதீங்க.

பெரும்பாலும் தப்பு எங்க நடக்கும்னா, பிப்பெட் பட்டனுக்கு ரெண்டு நிறுத்தம் இருக்கு, உறிஞ்சும்போது முதல் நிறுத்தம் வரைக்கும்தான் அழுத்தணும், பதட்டத்துல ரெண்டாவது வரைக்கும் அழுத்திட்டா கூடுதலா ஏறிடும். வெளிய விடும்போதுதான் ரெண்டாவது. அப்புறம் பட்டனை படக்குனு விடக்கூடாது, மெதுவா விடணும், பிப்பெட் நுனியில மாட்டுற டிப் தண்ணிக்குள்ள ரெண்டு மூணு மில்லிமீட்டர் மட்டும் முங்கணும், உறிஞ்சும்போது பிப்பெட் சாயாம நேரா நிக்கணும். தினம் அரை மணி நேரம், ரெண்டு வாரம் செஞ்சா கை தானா அமைஞ்சிரும்.

கூடவே கணக்கையும் பழகுங்க. 10 மில்லிமோலார் ஸ்டாக்ல (செறிவான மூலக் கரைசல்) இருந்து 50 மைக்ரோமோலார்ல 2 மில்லி வேணும், எவ்வளவு எடுப்பீங்க? 10 மைக்ரோலிட்டர். பேப்பர் பேனா இல்லாம இது வாயில வரணும், இன்டர்வியூல இந்த மாதிரிதான் கேக்குறாங்க.

கேள்வி: கிராமத்துப் பக்கம் ஒரு ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல வேலை பாக்குறேன். நாப்பது பசங்க, மூணு பிப்பெட்டு, பி.சி.ஆர். மெஷின் (டி.என்.ஏ.வை நகல் எடுக்குறது) ரிப்பேராகி ஒரு வருஷம் ஆச்சு, ஆட்டோகிளேவ் ஒண்ணுதான், அதுவும் பக்கத்து டிபார்ட்மென்ட்டோட பங்கு. இதுல என்னத்த பயிற்சி குடுக்குறது? (ஒரு உதவிப் பேராசிரியர்)

பதில்: சார், உங்க கடுதாசியைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன், ஏன்னா நான் படிச்ச லேபும் இப்படித்தான் இருந்துச்சு.

முதல்ல ஆட்டோகிளேவ். அதோட வேலை நீராவியால கிருமியைக் கொல்றது: 121 டிகிரி, 15 பவுண்டு பிரஷர், பதினஞ்சு நிமிஷம். நம்ம வீட்டு பிரஷர் குக்கர் வெயிட்டும் ஏறக்குறைய அதே பிரஷர்லதான் நிக்குது. லேபுக்குன்னு தனியா ரெண்டு குக்கர் வாங்கிப் போட்டுட்டீங்கன்னா (சமையலுக்கு எந்தக் காலத்துலயும் அதைத் திரும்ப எடுக்கக் கூடாது) சின்ன பாட்டில்ல மீடியா (பாக்டீரியா வளர்க்குற சத்துக் கலவை) தயார் பண்ணிக்கலாம், பசங்க குரூப் குரூப்பா அவங்களே செய்வாங்க. தயிர்ல இருந்து பாக்டீரியா எடுத்து அகார் பிளேட்ல (ஜெல்லி மாதிரி உறைஞ்ச மீடியா இருக்குற தட்டு) ஸ்ட்ரீக் பண்ணச் சொல்லுங்க, அதாவது கோடு கோடா இழுக்கச் சொல்லுங்க. லூப்பை (கம்பி வளையம்) நெருப்புல சிவக்கக் காட்டி, ஆற விட்டு, நாலு பக்கமும் இழுத்து, மறுநாள் கடைசிப் பக்கத்துல ஒத்தை ஒத்தையா காலனி (பாக்டீரியா கூட்டம்) வந்திருக்குறதைப் பாக்குற பையனோட முகத்தை நீங்க பாக்கணும் சார்.

பி.சி.ஆர். மெஷின் இல்லாமயும் பி.சி.ஆர். பண்ணலாம். 1983ல கேரி முல்லிஸுக்கு இந்த யோசனை வந்தப்போ மெஷின்னு ஒண்ணு கிடையாது, டியூபைக் கையால ஒரு சூட்டுல இருந்து இன்னொரு சூட்டுக்கு மாத்தி மாத்தி வச்சாங்க. ஒவ்வொரு தடவை சூடாக்கும்போதும் டி.என்.ஏ.வை நகல் எடுக்குற என்சைம் செத்துப்போகும், புதுசா ஊத்தணும். அப்புறம்தான் வெந்நீர் ஊத்துல வாழுற பாக்டீரியாவோட டாக் என்சைம் வந்துச்சு, அது சூட்டுக்குத் தாங்கும். உங்ககிட்ட வாட்டர் பாத் மூணு இருந்தா 95, 55, 72ன்னு வச்சு, டியூப்ல மேல ஒரு துளி மினரல் ஆயில் விட்டு, ஸ்டாப்வாட்ச்சைப் பிடிச்சு 30 சைக்கிள் பசங்களையே மாத்தி மாத்தி வைக்கச் சொல்லுங்க. பிரைமருக்கு (நகல் எங்க தொடங்கணும்னு காட்டுற சின்ன டி.என்.ஏ. துண்டு) ஏத்த மாதிரி நடு சூட்டை மட்டும் மாத்திக்கணும். கை வலிக்கும்தான், ஆனா ஒவ்வொரு சூட்டுலயும் உள்ள என்ன நடக்குதுன்னு அதுக்கப்புறம் அவங்க மறக்கவே மாட்டாங்க.

மூணு பிப்பெட்டுக்கு நாப்பது பேருன்னா எல்லாரையும் ஒரே நாள்ல நிக்க வைக்காதீங்க. ஆறு பேர் மட்டும் வரட்டும், மத்தவங்க அந்த நேரத்துல பஃபர் கணக்கு போடட்டும், 50 எக்ஸ் (50 மடங்கு செறிவான) டி.ஏ.இ. பஃபர்ல இருந்து 1 எக்ஸ் ஒரு லிட்டர் கலக்கட்டும் (20 மில்லி ஸ்டாக், 980 மில்லி தண்ணி).

பணத்துக்கு, மத்திய அரசோட பயோடெக்னாலஜி துறை நடத்துற ஸ்டார் காலேஜ் திட்டம் இருக்கு, இளநிலை அறிவியல் துறைகளோட லேபுக்குன்னே உள்ளது, உங்க முதல்வர்கிட்ட கேளுங்க. மூணு அறிவியல் அகாடமி சேந்து நடத்துற சம்மர் ரிசர்ச் ஃபெலோஷிப் பசங்களுக்கு மட்டும் இல்ல, ஆசிரியர்களுக்கும் உண்டு. வழக்கமா வருஷக் கடைசிலயே விண்ணப்பம் கேட்டுருவாங்க, நீங்களும் போடுங்க சார்.

கேள்வி: ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ஒரு தனியார் சென்டர்ல பன்னெண்டாயிரம் கேக்குறாங்க, ரிசல்ட்டு, தீசிஸ் ரெண்டும் அவங்களே தந்துடுவாங்களாம். சேரலாமா? (ஒரு மாணவர், சேலம்)

பதில்: வேணாம் தம்பி. அந்த தீசிஸ்ல உங்க பேர் மட்டும்தான் இருக்கும், உங்க வேலை இருக்காது, முதல் கேள்வியிலயே இன்டர்வியூல தெரிஞ்சிடும். அதே பணத்துல ஒரு லேப்ல ரெண்டு மாசம் நீங்களே நின்னு ஒரு சின்ன வேலை செய்யுங்க, ரிசல்ட் வரலன்னாலும் பரவால்ல.

நான் புராஜெக்ட் பண்ணப்போ நாலு நாள் பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள்ள இருக்குற வட்ட டி.என்.ஏ.) எடுத்தேன், நாலு நாளும் டி.என்.ஏ.வைப் பிரிச்சுக் காட்டுற ஜெல்ல ஒரு பேண்டு (கோடு) கூட வரல. கிட்டோட வந்த வாஷ் பஃபர்ல எத்தனால் கலக்கணும்னு பாட்டில் மேலயே எழுதியிருக்கு, நான் கலக்கல, அதனால கழுவும்போதே டி.என்.ஏ. மொத்தமும் ஓடிப்போயிருக்கு. இதை நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, ஒவ்வொரு நாளும் என்னென்ன ஊத்துனேன்னு நோட்டுல எழுதி வச்சிருந்தேன், அதுல எத்தனால்ங்கிற வார்த்தையே இல்ல. அன்னைலருந்து செஞ்சதை அப்பப்ப எழுதாம நான் அடுத்த ஸ்டெப்புக்குப் போறதில்ல. மருந்துக் கம்பெனியிலயும் எழுதாத வேலை செய்யாத வேலைன்னுதான் கணக்கு, தப்பா எழுதினா ஒரே கோடு போட்டு அடிச்சு, கையெழுத்தும் தேதியும் வைக்கணும், ஒயிட்னர் தொடவே கூடாது. இப்பவே பழகிக்கோங்க.

கேள்வி: மக பயோடெக் சேந்திருக்கா. கிருமி, ஆசிட்னு சொல்றா, பயமா இருக்கு. (ஒரு அம்மா, விருதுநகர்)

பதில்: உங்க பயம் நியாயம்தான்மா. ஆனா முறையா செஞ்சா அடுப்படியில நாம எடுத்துக்கிற ஜாக்கிரதைதான் இதுவும். மககிட்ட நாலே விஷயம் கேளுங்க: கோட்டு போடுறாளா, முடியை கட்டுறாளா, கிளவுஸ் கையோட ஃபோனையும் கதவையும் தொடாம இருக்காளா, லேபுக்குள்ள எதையும் சாப்பிடாம இருக்காளா. ஜெல்லுக்குப் போடுற எத்திடியம் புரோமைடு டி.என்.ஏ.வுல ஒட்டிக்கிற பொருள், அது கிளவுஸ்ல இருந்து ஃபோனுக்குப் போய் ஃபோன்ல இருந்து கன்னத்துக்குப் போறதுதான் நிஜமான ஆபத்து.

கேள்வி: ஜெல் லோடு பண்ணும்போது (ஜெல்லோட குழிக்குள்ள சாம்பிளை விடுறது) கை நடுங்குது, சாம்பிள் வெளிய போயிடுது. பிரெண்ட்ஸ் சிரிக்கிறாங்க. (ஒரு மாணவி, தஞ்சாவூர்)

பதில்: எல்லாருக்கும் நடுங்கும்மா, நிஜமாத்தான் சொல்றேன். ரெண்டு முழங்கையையும் டேபிள்ல ஊனுங்க, இடது கை விரலால டிப்போட மேல் பகுதியைத் தாங்கிப் பிடிங்க. டிப்பை குழிக்கு அடி வரைக்கும் இறக்காதீங்க, ஜெல் ஓட்டையாகிடும், குழியோட வாய்க்குக் கொஞ்சம் உள்ள இருந்தா போதும். சாம்பிளோட கலக்குற லோடிங் டையில கிளிசரால் இருக்கு, கனமான சாம்பிள் தானா கீழ இறங்கும். மெதுவா விட்டுட்டு, பட்டன்ல இருந்து விரலை எடுக்காம டிப்பை வெளிய எடுங்க, விரலை எடுத்தா விட்டதையே திரும்ப உறிஞ்சிடும். ஓட்டி முடிச்ச பழைய ஜெல்லை குப்பையில போடுறதுக்கு முன்னாடி கேட்டு வாங்கி, கிளவுஸ் போட்டுக்கிட்டு, பஃபர்ல முக்கி வச்சு, லோடிங் டை மட்டும் கலந்த தண்ணியில ஐம்பது குழி நிரப்பிப் பாருங்க.