மினுக்கும் எஞ்சின் விளக்கும் 900 பவுண்டும்

கருங்கலிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்குச் சென்று எட்டு மாதங்களான செவிலியர் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். 92,000 மைல் ஓடிய 2010ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார் ஒன்றைத் தனியார் ஒருவரிடம் 1,350 பவுண்டுக்கு வாங்கினாராம். காலையில் கிளப்பும்போது எஞ்சின் நடுங்குகிறது, மேடு ஏறும்போது டாஷ்போர்டில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு மினுக்குகிறது, வேகத்தடையில் இறங்கினால் முன்பக்கத்தில் 'டொக்' என்று சத்தம் கேட்கிறது. பக்கத்து வர்க்‌ஷாப்பில் காயில் (பெட்ரோலைப் பற்றவைக்க உயர் மின்னழுத்தம் தருவது), பிளக் (அந்த மின்சாரத்தில் பொறி உண்டாக்குவது), கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைப்பது) எல்லாவற்றையும் மாற்ற 900 பவுண்டு சொல்கிறார்கள். செலவழிப்பதா, ஸ்கிராப்புக்குத் தள்ளிவிடுவதா என்பது அவருடைய கேள்வி.

தம்பி, நானும் இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்த இடத்தில், திருவட்டாறு வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அப்பாவின் பழைய காரில் செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை என்று இன்று காலையில்தான் மார்த்தாண்டத்தில் மெக்கானிக் ஆசானிடம் விட்டுவிட்டு வந்தேன். அவர் மோட்டாரைக் கழற்றிப் பிரித்து, தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மட்டும் மாற்றி, சாயங்காலத்துக்குள் தந்துவிடுவார். நம் ஊரில் பொருளின் விலையோடு பார்க்கையில் கூலி குறைவு என்பதால், பிரித்துச் சரிசெய்வதே இலாபம். ஒன்று சரிப்படவில்லையென்றால் இன்னொன்றைக் கழற்றிப் பார்க்கவும் ஆசானுக்குப் பொறுமை உண்டு. அங்கே அந்தக் கணக்கு தலைகீழாக நிற்கிறது. நான் வண்டி விடும் சாதாரண வர்க்‌ஷாப்பிலேயே மணிக்கு 70 பவுண்டு கூலி. அந்த விலைக்கு யாரும் உங்களுக்காகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், சந்தேகப்படும் உறுப்புகளை மொத்தமாக மாற்றிவிடுவார்கள். அதை ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எது பழுது என்பதைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதியை நாமே செய்துவிட்டு, மாட்டுகிற வேலையை மட்டும் கூலிக்குக் கொடுத்தால்தான் மலிவான பழைய கார் மலிவாகவே இருக்கும்.

முதலில் 15 அல்லது 20 பவுண்டுக்குக் கிடைக்கும் ஒரு கோடு ரீடர் (காரின் கணினி பதிந்துவைத்த பழுது எண்களைக் காட்டும் சிறு கருவி) வாங்குங்கள். ஐரோப்பாவில் 2001க்குப் பிறகு பதிவான பெட்ரோல் கார்களில் ஓட்டுநர் பக்கத்து டாஷ்போர்டுக்கு அடியிலோ அதன் அருகிலோ அதைச் செருகும் இடம் இருக்கும். பி0301 முதல் பி0304 வரை ஏதாவது ஒரு எண் வந்தால், கடைசி இலக்கம் குறிக்கும் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். பி0300 என்றால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் பரவலாக அப்படி நடக்கிறது. உங்கள் காரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் இருக்குமானால் சோதனை மிக எளிது. பி0303 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு மூன்றாவது காயிலை முதலாவதன் இடத்திலும், முதலாவதை மூன்றாவதன் இடத்திலும் மாட்டி, எண்ணை அழித்துவிட்டுச் சற்றுத் தூரம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0301 வந்தால் பழுது காயிலோடு நகர்ந்திருக்கிறது. அந்த ஒரு காயிலை மட்டும் வாங்கினால் போதும். பி0303 அப்படியே நின்றால், அதேபோல் பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால்தான் இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சுவது), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) என்று மெக்கானிக்கின் கைக்குப் போக வேண்டிய கட்டம் வருகிறது. எப்படியும் 92,000 மைல் ஓடிய காரில் பிளக்குகளை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், நான்கையும் மாற்றிவிடுவது வீண்செலவு ஆகாது.

அதுவரை ஒரு கட்டுப்பாடு மிக அவசியம். எஞ்சின் விளக்கு நிலையாக எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கும்போது எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதை அளவுக்கு மீறிச் சூடாக்கி உள்ளே உருக்கிவிடும். ஆகவே இந்த நடுக்கத்தோடு இரவுப் பணிக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், பஸ்ஸில் போங்கள். கன்வெர்ட்டரை இப்போதே மாற்றவும் சம்மதிக்காதீர்கள். பி0420 என்ற எண் வந்திருந்தால்கூட அது கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைவாகத் தெரிகிறது என்றுதான் சொல்கிறதே தவிர, கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. புகைக்குழாயில் கசிவு இருந்தாலும் சென்சார் கெட்டிருந்தாலும் அதே எண் வரலாம். நடுக்கத்தைச் சரிசெய்து சில வாரங்கள் ஓட்டிய பிறகும் எண் திரும்பி வந்தால் அப்போது யோசிக்கலாம்.

முன்பக்கச் சத்தத்தை, சின்னப் பழுதுதானே என்று நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள். ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் ஒடித்து நிறுத்தி, டார்ச் அடித்துச் சுருள் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றைப் பாருங்கள். அந்த நாட்டுச் சாலைப் பள்ளங்களாலும் உப்பாலும் ஸ்பிரிங் நுனி உடைவது சகஜம். உடைந்த முனை டயரைக் கிழித்துவிடும். ஸ்பிரிங் நன்றாக இருந்தால், பெரும்பாலும் டிராப் லிங்க் என்னும் சிறு தண்டாக இருக்கும். அது மலிவானது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் உருண்டை மூட்டு (பால் ஜாயிண்ட்) ஆட்டம் கண்டிருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அதைப் பார்ப்பதற்காக வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் படுக்க வேண்டாம். தூக்கிப் பார்ப்பதை வர்க்‌ஷாப்பிடமே விட்டுவிடுங்கள்.

உப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. குளச்சலிலும் முட்டத்திலும் கடல்காற்று சைக்கிளையும் ஜன்னல் கம்பியையும் தின்பதை நாம் பார்த்து வளர்ந்தவர்கள். அங்கே கடல் தொலைவில் இருந்தாலும் பனி உறையாமலிருக்கக் குளிர்காலம் முழுவதும் சாலையில் கல்லுப்பைத் தூவுகிறார்கள். அது காரின் அடிப்பகுதியிலும் பிரேக் குழாய்களிலும் ஒட்டிக்கொண்டு அரிக்கும். உங்கள் காரில் எவ்வளவு அரித்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளப் பணம் தேவையில்லை. நம்பர் பிளேட் எண்ணை அரசின் இணையதளத்தில் கொடுத்தால் எம்.ஓ.டி. என்னும், கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் சோதனையின் வரலாறு முழுவதும் இலவசமாகக் கிடைக்கும்: எந்த ஆண்டில் எத்தனை மைல், எதில் தோற்றது, எதை எச்சரித்தார்கள் என்று எல்லாமே. வாங்குவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய பக்கம். பரவாயில்லை, இன்றிரவு பாருங்கள். பிரேக் குழாய் அரிப்பு, சப்ஃபிரேம் (எஞ்சினையும் சக்கரக் கைகளையும் தாங்கும் சட்டம்) அரிப்பு என்று இரண்டு மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து எழுதியிருந்தால், 900 பவுண்டு அல்ல, 200 பவுண்டு போடுவதற்கே நான் தயங்குவேன். 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலே உங்களுடையதைப் போன்ற 2010ஆம் ஆண்டுக் கார் அந்தச் சோதனையில் தோற்கும் என்பதால், விளக்கை அப்படியே விட்டு ஓட்டும் வழியும் இல்லை.

விற்றவரிடம் திருப்பிக் கேட்கலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கும். வியாபாரியிடம் வாங்கியிருந்தால், வாங்கும்போதே இருந்த பழுதுக்காக 30 நாட்களுக்குள் காரைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் தருகிறது. தனியாரிடம் வாங்கியதற்கு அது பொருந்தாது. அவர் பொய் சொல்லி விற்றார் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும், எளிதில் உறையாத திரவம்) விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் டிக்கியில் ஒரு பாட்டில் தண்ணீர் எப்போதும் இருக்கும். ரேடியேட்டரில் குறைந்தால் ஊற்றுவோம். 2010இல் அங்கே போய் முதல் கார் வாங்கியபோதும் அதையே செய்தேன். அந்த டிசம்பர், பிரிட்டனில் நூறாண்டுகளில் இல்லாத குளிர் டிசம்பர். வெறும் தண்ணீர் உள்ளேயே உறைந்து விரிந்து, ரேடியேட்டர் பிளந்துவிட்டது. நீர் கலக்காத கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். அளவு மறுபடியும் குறைந்துகொண்டே போனால், ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கசிவைத் தேடுங்கள்.

ஸ்கிராப் கேள்விக்கு என் கணக்கு இது: காயில், பிளக், டிராப் லிங்க் மூன்றும் கூலியோடு 300 பவுண்டுக்குள் முடிந்து, எம்.ஓ.டி. வரலாற்றில் அரிப்பும் பெரிதாக இல்லையென்றால் காரை வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஷன் குறைவு என்று தெரியவந்தால் ஒரு பவுண்டும் போடாமல் விற்றுவிடுங்கள். 300ஐ ரூபாயாக்கிப் பார்த்து மலைத்துப் போகாதீர்கள்; அடுத்த 1,350 பவுண்டுக் காரிலும் என்ன ஒளிந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

நான் வரும் ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவேன். அதற்குள் ரீடர் காட்டும் எண்களை அழிப்பதற்கு முன் படம் பிடித்து, ஸ்பிரிங்கின் படத்தோடு சேர்த்து அனுப்பி வையுங்கள்.