காரைக்குடியில் ஆர்க்கிடெக்சர் படிக்கிறேன். வில்லா சவோய் வீட்டின் சர்க்குலேஷன், ஸ்பேஸ், மெட்டீரியல் மூன்றையும் எப்படி அனலைஸ் செய்வது?

மூன்றையும் தனித்தனி அத்தியாயமாக எழுதாதீர்கள். ஆள் நடக்கும் வழியை முதலில் வரையுங்கள். மற்ற இரண்டும் அந்தக் கோட்டிலேயே வந்து மாட்டும்.

எல்லாத் தளங்களின் பிளானையும் 1:100இல் அச்செடுத்து, மேலே டிரேசிங் பேப்பர் வைத்து, வீட்டார், வேலையாட்கள், கார் என்று மூன்று நிறத்தில் கோடு இழுங்கள். கட்டிடக் கலைஞர் லெ கார்புசியே 1928 முதல் 1931 வரை பாரிசுக்கு அருகே பொய்சியில் கட்டிய வீடு இது. கீழ்த்தளச் சுவரின் வளைவு, கார் திரும்பும் வட்டத்தை ஒட்டி வந்தது. வீட்டாரின் கோடு நடுவிலுள்ள சாய்தளத்தில் ஏறி, முதல் மாடியில் திறந்தவெளிக்கு வந்து, கூரை வரை போகும். பக்கத்திலேயே சுழல்படி, அது குறுக்குவழி. சாய்தளத்துக்கு இடம்விடச் சில தூண்கள் வரிசை தவறி நிற்கும். அவற்றையும் வட்டமிடுங்கள்.

பலர் தவறுவது பிளானோடு நிறுத்திவிடுவதில்தான். பிளானில் சாய்தளம் வெறும் இரண்டு பட்டை. அதன் குறுக்கே, வீட்டை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் ஒரு செக்‌ஷன் போட்டு, ஏறும் வழியில் ஐந்து இடங்களில் 1.5 மீட்டர் கண்மட்டத்தில் என்ன தெரிகிறது என்று வரையுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் காட்சி மாறும்.

பக்கத்தில் நம் ஊர் செட்டிநாட்டு வீடு ஒன்றையும் இதேபோல் வரைந்து ஒட்டலாம். முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் எல்லாம் ஒரே நேர்கோடு. வாசலில் நின்றாலே பின்கட்டு வெளிச்சம் தெரியும். வளவைச் சுற்றிய தாழ்வாரத்தை வெறும் நடைபாதையாகச் சதுர அடிக் கணக்கில் தள்ளிவிட்டால் பகுப்பாய்வு அங்கேயே தப்பு. ஒவ்வொரு புள்ளிக்குமான (மணமான ஒரு குடும்பத்துக்கான) அறைக் கதவும் அதில்தான் திறக்கும், சடங்கும் அங்கேதான். ‘இரண்டிலும் முற்றம் உண்டு’ என்று எழுதும் ஆசையையும் அடக்குங்கள். வளவு தரையில் இருக்கிறது, வானத்தை மட்டும் பார்க்கிறது. சவோயின் திறந்தவெளி மாடியில் இருக்கிறது, கண்ணாடியில்லாத நீளத் திறப்பு வழியாக மரங்களையும் பார்க்கிறது.

பொருளுக்கு வரும்போது எது தாங்குகிறது, எது மூடுகிறது, தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் கேளுங்கள். சவோய் ஒரே கான்கிரீட் வார்ப்பு போலத் தெரியும். உண்மையில் கான்கிரீட் சட்டகம், இடையில் கட்டுச்சுவர், மேலே பூச்சும் வெள்ளையும். நம் வீட்டில் செங்கல் சுவர்மேல் சுண்ணாம்புப் பூச்சு, பர்மா தேக்குத் தூண், நாட்டு ஓடு. ஓட்டின் சரிவு மழையை வளவுக்குள் இறக்கிவிடும்.

சவோயில் கூரை தட்டை. ஹாலிலும் சாய்தளத்திலும் மழை ஒழுகுகிறது என்று 1930களிலேயே வீட்டுக்கார அம்மா கடிதம் கடிதமாக எழுதினார். செக்‌ஷனில் நாலாவது நிறத்தில் மழைநீரையும் ஓடவிடுங்கள், கூரை, கண்ணாடி, சாய்தளம் சந்திக்கும் மூட்டுகளை 1:20இல் பெரிதாக்குங்கள். உங்கள் வேலையை மதிப்பிடும் ஜூரி அங்கேதான் கேள்வி கேட்கும்.